வாசலில் ஊதியவர்கள்

சென்ற மாதம் நீலகிரியில் ஒரு கல்லூரியில் நடந்த இசைநிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அது அந்த ஒரு கல்லூரியின் தவறாகச் சுருங்கிவிடும். நாம் அனைவரும் நிம்மதியாக அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். நான் எழுத நினைப்பது நம்முடைய காதுகளைப் பற்றி. அதில் என் காதும் சேர்த்தி.

சமவெளியிலிருந்து வந்த ஒரு பல்கலைக்கழகத்தின் கொயர், மலையிலுள்ள மாணவர்களைக் கொண்ட காற்றுக்கருவி பேண்ட், இரண்டும் ஒரே மேடையில். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி நன்றாக இருந்தது. கிளாரினெட்டுகளும் டிரம்பெட்டுகளும் குளிரில் சுருதி இறங்கிப்போகும் என்பதை அறிந்து, பேண்ட் மாஸ்டர் பிள்ளைகளை அரைமணி நேரம் முன்பே அரங்குக்குள் அழைத்துவந்து ஊதவிட்டுக்கொண்டிருந்தார். பட்டாளத்து பேண்டில் வாசித்து ஓய்வுபெற்றவர் அவர். தமிழ்த்தாய் வாழ்த்தை நான்கு குரல்களாகப் பிரித்துப் பாடினார்கள். கீழ்ஸ்தாயியில் நின்ற பெண்பிள்ளைகளின் குரல் மற்ற குரல்களுக்கு அடியில் தரைபோல விரிந்து கிடந்தது. எழுந்து நின்று கேட்டவர்களில் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் நின்றேன்.

ஆனால் நான் அரங்குக்குள் நுழையும்முன் வாசலில் கால்மணி நேரம் நின்றிருந்தேன். அங்கே இன்னொரு காற்றுக்கருவிக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. கோத்தர்கள் ஆறுபேர். வெள்ளை ஆடை, இருவர் கையில் கொள், ஒருவர் கையில் வளைந்த பித்தளைக் கொம்பு, மற்றவர்களிடம் தோல்கருவிகள். சிறப்பு விருந்தினரின் வண்டி வளைவில் தெரிந்ததும் வாசிக்க வேண்டும், அவர் உள்ளே போனதும் நிறுத்த வேண்டும். இதுதான் அவர்களுக்கு இடப்பட்டிருந்த பணி. வண்டி தாமதமாகிக்கொண்டே போயிற்று. தூறல் விழுந்தது. தோல் நனையாமலிருக்க வேட்டியை இழுத்துக் கருவியின்மீது போர்த்தியபடி நின்றார்கள்.

விழாக்குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியுடன் வந்தார். யூடியூபில் எதையோ ஓடவிட்டுக் காட்டி, "இந்த ட்யூனை வாசிங்க. கேட்க உருக்கமா இருக்கு, விஐபிக்குப் பிடிக்கும்" என்றார். குழுவில் மூத்தவர் கைப்பேசியைக் காதருகே வைத்துக் கேட்டார். சில நொடிகள்தான். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அது சாவுக்கு வாசிக்கிறது சார். இங்க வாசிக்கக் கூடாது."

"எல்லாம் ஒரே மாதிரிதானேய்யா கேக்குது. யாருக்குத் தெரியப்போகுது?"

மூத்தவர் பதில் சொல்லவில்லை. வாசிக்கவும் இல்லை. அந்த இளைஞர் எரிச்சலோடு உள்ளே போனார். அவர் கெட்டவர் அல்லர். என் மாணவராகக்கூட இருந்திருக்கலாம். 'யாருக்குத் தெரியப்போகுது' என்று அவர் கேட்டது உண்மையான கேள்வி. அரங்கில் அன்று எழுநூறு பேர் இருந்திருப்போம். அதில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகளாக இந்த மலையில் தமிழிலக்கியம் நடத்துகிறேன்.

உள்ளே தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, பாடகர்களும் காற்றுக்கருவிக் கலைஞர்களும் இணைந்து வழங்கும் இத்தகைய நிகழ்ச்சி இந்த மலைகளில் ஒலிப்பது இதுவே முதல்முறை என்று அறிவித்தபோது பலத்த கைதட்டல். அந்தக் கைதட்டலைக் குறித்தே இந்தக் கட்டுரை.

1819இல் ஜான் சல்லிவன் இந்த மலைமேல் ஏறிவந்தார். 1830களின் தொடக்கத்திலேயே உதகையின் புனித ஸ்டீபன் ஆலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த உத்தரங்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன என்று ஒவ்வொரு சுற்றுலா வழிகாட்டியும் சொல்கிறார். வெலிங்டனில் 1947 முதல் மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமை மையம் இருக்கிறது. பட்டாளத்து பேண்ட் குன்னூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஆக வெள்ளைக்காரர்களின் கணக்கிலேயே பார்த்தாலும் 'முதல்முறை' என்பது பிழை. ஆனால் என் வழக்கு அதுவல்ல. சல்லிவனின் குதிரை வருவதற்கு முன்பே இந்த மலையில் ஊதுகருவிக் குழுவும் சேர்ந்து பாடுவோரும் ஒரே நிகழ்வில் கூடியிருந்தார்கள். தோடர்களின் இறுதிச்சடங்கு அது.

ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய பெருநூலைப் புரட்டினால், எருமைகளும் சால்வைகளும் நிறைந்த அந்தச் சடங்குகளில் கோத்தர் வாத்தியக்காரர்கள் வந்து வாசிப்பதைப் பார்க்கலாம். தோடர்களின் கலை குரல்சார்ந்தது. ஆண்கள் வட்டமாக நின்று ஆடுவார்கள். ஒருவர் அந்த இடத்திலேயே பாட்டைக் கட்டுவார், மற்றவர்கள் தொடர்வார்கள். 1930களில் இங்கே தங்கி ஆய்வுசெய்த எமனோ அந்தப் பாடல்களைத் திரட்டி 1971இல் ஒரு பெரிய தொகுப்பாக வெளியிட்டார். இரட்டை இரட்டையாக, ஒன்றுக்கு ஒன்று இணையாக நிற்கும் மரபுத்தொடர்களால் ஆன பாடல்கள் அவை. ஏறக்குறைய ஒவ்வொரு தோடரும் கவிஞர்தான் என்று வியந்தவர் எமனோ. அவருடைய காலத்தில் தோடர்களின் மொத்த எண்ணிக்கையே அறுநூறை ஒட்டித்தான் இருந்தது. அறுநூறுபேர் கொண்ட சமூகத்தில் அத்தனை பேரும் கவிஞர்கள்! நம் சிறுபத்திரிகைச் சூழலிலும் அப்படித்தான் என்று நண்பர்கள் கேலி செய்யக்கூடும். வித்தியாசம், அங்கே கேட்பவர்களும் இருந்தார்கள்.

மேடையில் கைகூப்பி நிற்கும் கச்சேரியைப்போல, ஒருவர் கையசைவுக்கு இருசாராரும் கட்டுப்பட்டு இசைத்த நிகழ்வு அது என்று நான் சொல்லமாட்டேன். தோடரின் பாட்டு தோடருடையது, கோத்தரின் வாத்தியம் கோத்தருடையது. ஒரே வெளியில் ஒரே சாவின்முன் இரண்டும் ஒலித்தன. கோத்தர்களுக்குள்ளேயே வாத்தியம் ஆண்களிடமும் வாய்ப்பாட்டு பெரும்பாலும் பெண்களிடமும் இருந்துவருகிறது. கோயில் விழாக்களில் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடுவது அவர்களுக்கு வழிபாடு. பாடுவோரும் ஊதுவோரும் கூடிய நிகழ்வுக்கு இலக்கணம் தேடுபவர்கள் கோல்மேலுக்கோ திருச்சிகடிக்கோ போய்ப் பார்த்திருக்கலாம். பேருந்து இருக்கிறது.

இனி அந்த மூத்தவர் ஏன் மறுத்தார் என்பதற்கு வருகிறேன்.

கோத்தர்களின் இசையைப் பற்றி நமக்கிருக்கும் ஆகச்சிறந்த நூல் ரிச்சர்ட் உல்ஃப் எழுதியது. 1990களின் தொடக்கத்தில் இங்கே வாழ்ந்து, கற்று எழுதியவர், வீணை வாசிப்பவரும்கூட. 'கருப்புப் பசுவின் காலடித்தடம்' என்று தமிழில் சொல்லலாம் அந்த நூலின் தலைப்பை. கோத்தர்களை ஒரு கருப்புப் பசு மலைமீது வழிநடத்திச் சென்றது, அது நின்று காலூன்றிய இடங்களில் ஊர்கள் எழுந்தன என்பது அவர்களுடைய தொன்மம். ஏழு ஊர்கள். எல்லாமும் இந்த ஒரு மாவட்டத்துக்குள்.

அவர்களிடம் கொள்ளில் வாசிக்கப்படும் மெட்டுகள் மூன்று பெரும்பிரிவுகளாக நிற்கின்றன. தெய்வத்துக்கு உரியவை, ஆட்டத்துக்கு உரியவை, சாவுக்கு உரியவை. தேவர் கொள், ஆட் கொள், தாவ் கொள் என்பன அவற்றின் பெயர்கள். தாவ் என்றால் சாவு. தெய்வ விழாவின் நாட்களில் சாவின் மெட்டு ஊருக்குள் ஒலிக்கலாகாது. சாவின் மெட்டைச் சாவுக்கு வெளியே எடுத்துவந்து பொழுதுபோக்காக வாசிப்பது அவர்களுக்குக் கூசும் காரியம். இறுதிச்சடங்கையே இரண்டாகக் கண்டிருக்கிறார்கள்: உடனடியாக நிகழும் பச்சைச் சாவு, பின்னர் இறந்தோர் பலருக்கும் சேர்த்துப் பலநாள் நிகழும் வறள் சாவு. 'பச்', 'வரள்' என்று அவர்கள் சொல்லும் சொற்கள் நம் பச்சையும் வறளும்தான். இரண்டாவதன் முடிவில் துக்கத்திலிருந்து சமூகம் எழுந்து வெளியே வருகிறது. அந்த வருகையை நிகழ்த்திக்காட்டுவதும் இசையே. எந்த மெட்டு எங்கே முடிகிறது, எது எப்போது தொடங்குகிறது என்பதில்தான் உயிரோடிருப்பவர்களின் உலகம் செத்தவர்களின் உலகத்திலிருந்து பிரிகிறது.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். ஆண்டுதோறும் நான் புறநானூற்றின் 194ஆம் பாட்டை வகுப்பில் நடத்துகிறேன். பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவின் நெய்தற்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இவ்வுலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று குமுறுகிற பாட்டு. நிலையாமை, பெருங்காஞ்சித்துறை என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பாட்டு வேலைசெய்வதற்கு அடிப்படையான நிபந்தனை ஒன்று உண்டு: தெருவில் நடந்துபோகும் ஒருவன், ஒலியைக் கேட்ட மாத்திரத்தில், எந்த வீட்டில் பிணம் கிடக்கிறது, எந்த வீட்டில் பந்தல் போட்டிருக்கிறது என்று அறியவேண்டும். சாவொலியும் மணவொலியும் வேறுவேறு என்ற அறிவு காதுக்குள் இருக்கவேண்டும். அந்த அறிவில்லாதவனுக்கு அந்தப் பாட்டில் எதுவுமே நடக்கவில்லை. தொல்காப்பியர் திணைகளின் கருப்பொருளில் தெய்வத்தோடும் உணவோடும் சேர்த்துப் பறையையும் யாழையும் வைத்தாரே, அது அலங்காரத்துக்காகவா? நிலத்துக்கு நிலம் ஒலி வேறு என்று அறிந்த சமூகத்தின் இலக்கணம் அது.

'எல்லாம் ஒரே மாதிரிதானேய்யா கேக்குது' என்று கேட்ட அந்த இளைஞருக்குப் புறநானூறு பாடமாக இருந்திருக்கலாம். வாசலில் நின்ற மூத்தவர் புறநானூற்றைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பாட்டின் காது யாரிடம் இருந்தது?

மொழியியல் வகுப்பில் ஓர் எடுத்துக்காட்டு சொல்வதுண்டு. தொல்திராவிடத்தின் ககரம் சில உயிர்களின் முன் தமிழில் சகரமாயிற்று. கோத்தர் மொழியில் ககரமாகவே நின்றுவிட்டது. நாம் செவி என்பதை அவர்கள் கெவ் என்கிறார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. செவியைப் பற்றிய இரண்டு மதிப்பெண்ணோடு அவர்களுடைய செவிக்கும் நமக்குமான உறவு முடிந்துவிடுகிறது. நாட்டுப்புறவியல் தாளில் பழங்குடிப் பாடல்கள் என்று ஓர் அலகு இருக்கிறது, உண்மை. அதில் பாடலின் பொருள் இருக்கும், வகைமை இருக்கும், ஒலி இருக்காது. ஒலியில்லாத பாட்டைப் பாடமாக வைக்கும் துணிச்சல் தமிழ்த்துறைகளைத் தவிர வேறு யாருக்கு வரும் என்று தெரியவில்லை.

நம்மையும் விட்டுவைக்க மனமில்லை. 2005இல் இளையராஜாவின் திருவாசகம் வெளிவந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, மேற்கத்தியக் கொயர், மாணிக்கவாசகர். அது ஆரட்டோரியோவா அல்லவா, பக்தியா இசையா, பதிகத்தின் உயிர் இருக்கிறதா போயிற்றா என்று நாம் எவ்வளவு சண்டையிட்டோம்! சண்டையிட்டது சரியே, அந்தப் படைப்பு அதற்குத் தகுதியானது. அதே 2005இல்தான் உல்ஃபின் நூலும் இந்தியாவில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான், ஆகஸ்டில், நூறு வயதைக் கடந்த எமனோ மறைந்தார். தமிழ் இலக்கியச் சூழலில் அந்த நூலுக்கு ஒரு மதிப்புரைகூட என் கண்ணில் படவில்லை. நான் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதவில்லை. நான் அப்போது திருவாசகச் சண்டையில் இருந்தேன்.

இனி எதிர்த்தரப்பு. முதலாவது, "நீ கொயரையும் பேண்டையும் அந்நியம் என்று இழிக்கிறாய்" என்ற குற்றச்சாட்டு. இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி, 1798க்கும் 1832க்கும் இடையில் ஆண்டவர், அரண்மனையில் மேற்கத்திய பேண்ட் வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்ட் மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். கிளாரினெட் சதிர்க்கச்சேரிக்குள் நுழைந்து, பின்னர் ஏ.கே.சி. நடராஜன் கையில் கர்நாடக இசையின் முழு உரிமை பெற்ற கருவியாயிற்று. 1893லேயே ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேற்கத்தியக் குறியீட்டில் அச்சிட்டார். சேர்ந்திசையோ எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைக் கூட்டி, பாரதியைப் பல குரல்களில் பாடவைத்த நாளிலிருந்து நம்முடையது. அவர் தேவாலயத்திலிருந்து வந்தவரல்லர், இடதுசாரி இயக்கத்திலிருந்து வந்தவர். இருநூறு ஆண்டுகளாக நம் வீட்டில் இருப்பதை அந்நியம் என்று சொல்ல நான் தனித்தமிழ்ப் பித்தனல்லன். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வந்ததற்கு அரங்குக்குள் நாற்காலி. அதற்கு முன்பே இருந்ததற்கு வாசலில் தூறல். இதைத்தான் கேட்கிறேன்.

இரண்டாவது தரப்பு இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது அன்பின் மொழியில் பேசுகிறது. மலையில் அந்தக்காலத்தில் தோடர், கோத்தர், படகர், குறும்பர் எல்லோரும் ஒருவருக்கொருவர் கொடுத்துவாங்கி, ஓர் இசையைப்போல இணங்கி வாழ்ந்தார்கள், நவீன காலம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று கசிந்துருகும் கட்டுரைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். கோத்தர்கள் மற்றவர்களுக்கு வாசிப்பதை நிறுத்திக்கொண்டது ஓர் இழப்பு என்றும், அந்தப் பழைய கூட்டிசையை மேடையில் மீண்டும் உருவாக்கவேண்டும் என்றும் அவை முடியும். கோடை விழாவில் பழங்குடி நடனம் என்று பலகை வைத்து, மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தின்முன் ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதற்கு இந்தக் கசிவே தத்துவப் பின்புலம்.

கோத்தர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று யாராவது கேட்டார்களா?

கொல்லரும் தச்சரும் அவர்களே. பானை வனைவது அவர்களின் பெண்கள். மலையின் கத்தி, அரிவாள், பாத்திரம் எல்லாம் அவர்கள் கையிலிருந்து வந்தவை. ஆனால் மற்றவர்களின் சாவுக்கு வாசித்து, இறந்த எருமையின் இறைச்சியைக் கூலியாகப் பெற்றவர்கள் என்பதால் அவர்கள் கீழே வைக்கப்பட்டார்கள். வாசிக்கும்போது தவிர்க்கமுடியாதவர்கள், வாசித்து முடிந்ததும் தள்ளிநிற்க வேண்டியவர்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் படகர்களுக்குள் சீர்திருத்தம் பேசியவர்கள் சாவுக்குக் கோத்தர் இசை வேண்டாம் என்றார்கள். பழைமையை விடாதவர்கள் வேண்டும் என்றார்கள். மண்டல்பாம் அதை எழுதியிருக்கிறார். இரு தரப்பும் அடித்துக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. ஒரு கொள்ளும் ஒரு பறையும் ஒலிக்கலாமா கூடாதா என்பதற்காக மனிதர்கள் மோதிக்கொண்டார்கள். இசைக்கு அத்தனை கனம் இருந்த காலம்.

அதே காலத்தில் கோத்தர்களுக்குள்ளிருந்து ஒருவர் எழுந்தார். சுள்ளி. பள்ளிக்கூட ஆசிரியர். எமனோவின் கோத்தர் மொழிக் கதைத்தொகுதிகள் 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தன. அவற்றிலுள்ள கதைகளைச் சொன்னவர் இவரே. ஒரு மொழியின் கதைக்களஞ்சியமே ஒரு மனிதரின் நினைவிலிருந்து எழுதப்பட்டது. மண்டல்பாம் தன் சமூகத்தின் சீர்திருத்தக்காரர் என்று இவரைப்பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். சுள்ளி முடியை வெட்டிக்கொண்டார். கோத்தர் ஆண்கள் நீண்ட முடியை முடிந்துவைப்பது மரபு. வெட்டியது பெருங்குற்றமாகப் பார்க்கப்பட்டது. செத்த எருமையைத் தின்னாதே என்றார். மற்றவர் வீட்டுச் சாவுக்குப் போய் வாசிக்காதே என்றார். சொந்த ஊராரின் வசைக்கும் ஆளானார்.

இதே பத்தாண்டுகளில் சமவெளியில் இன்னொருவர் தலைமுடியை வெட்டி கிராப் வைத்துக்கொண்டார். டி.என். ராஜரத்தினம் பிள்ளை. கோட்டு அணிந்தார், நாகஸ்வரக்காரன் தரையிலும் தெருவிலும் நின்று ஊதுபவன் என்ற நிலையை மறுத்து, வாய்ப்பாட்டு வித்வானுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்தார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இரண்டுபேரும் கத்தரிக்கோலை எடுத்த காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒருவர் மேடை ஏறி வென்றார். இன்னொருவருக்கு ஏற மேடை இல்லை. எனவே வாசிக்க மறுப்பதே வழியாக இருந்தது. சமவெளிச் சேரிகளில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடிபட்டவர்களின் வரலாறும் இதுதான். பின்னர் அதே பறையைத் தம் விருப்பத்தால், தம் கலையாக, தாமே மேடைக்கு எடுத்துவந்தார்கள். மறுப்பு வந்த பிறகே அந்த விருப்பம் சாத்தியமாயிற்று. இந்த வரிசையை நம் ரசிகமணிகள் தலைகீழாக்குகிறார்கள். மறுப்பை மறந்துவிட்டுக் கலையை மட்டும் கேட்கிறார்கள்.

எனவே பழைய கூட்டிசையை மீட்டெடுக்க வேண்டும் என்று கண்ணீர் விடுபவர்களிடம் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கூட்டிசையின் விலையை நீங்கள் கொடுக்கவில்லை. கோத்தர் இசை அழியவில்லை. அவர்களின் விழாக்களில், அவர்களின் சாவுகளில் அது வாசிக்கப்படுகிறது. மார்கழி, தை மாதங்களில் கம்பட்ராயர் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு அது தெரியும். அழிந்தது நமக்கு ஊழியம்செய்த இசை மட்டும். அதற்காக அழவேண்டியவர்கள் நாமல்லர்.

"அப்படியானால் வாசலில் வாசித்ததும் அவர்கள் விருப்பம்தானே? கூலி வாங்கிக்கொண்டுதானே வாசித்தார்கள்? உனக்கென்ன வந்தது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் சார்பில் புண்பட எனக்கு உரிமையில்லை. பணத்துக்கு வாசிப்பது இழிவல்ல. கொயரும் பணம் வாங்கியது. ஆனால் நான் விழாக் கணக்கைப் பார்த்தேன். பார்க்கும்படியான பொறுப்பில் இருந்த ஒருவர் காட்டினார். கொயருக்கும் பேண்டுக்கும் ஆன செலவு 'கலைநிகழ்ச்சி' என்ற தலைப்பின்கீழ் இருந்தது. கோத்தர் குழுவின் தொகை 'வரவேற்பு – இதரச் செலவு' என்பதன்கீழ், சால்வைக்கும் பூங்கொத்துக்கும் அடுத்த வரியில். பூங்கொத்துக்கு ஆன தொகை அதிகம். அழைப்பிதழில் பேண்ட் மாஸ்டர் பெயர் இருந்தது, கொயர் நடத்துநர் பெயர் இருந்தது, பியானோவுக்குப் பக்கம் புரட்டிய மாணவியின் பெயர்கூட இருந்தது. வாசலில் நின்றவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. 'பாரம்பரிய இசையுடன் வரவேற்பு' என்று ஒரு வரி. அந்த மூத்தவர் ஒரு மெட்டை வாசிக்க மறுத்தாரே, அன்று அந்த வளாகத்தில் இசையைப்பற்றி எடுக்கப்பட்ட மிகத் தீர்க்கமான முடிவு அதுதான். அரங்கில் எது பாடப்படவேண்டும் என்று தீர்மானித்தவர்களை இசை அறிஞர்கள் என்று மாலையிட்டார்கள். எது வாசிக்கப்படலாகாது என்று தீர்மானித்தவரை எரிச்சலோடு முறைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு பல்கலைக்கழகப் பாடகர்குழு மலைக்கு வருவது நல்ல செய்தி. வந்தவர்கள் ஒருநாள் முன்னதாக வந்திருக்கலாம். அந்தப் பிள்ளைகளில் சிலருக்காவது கேட்கும் காது இருந்தது, அதை நான் கண்டேன். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது, கிளாரினெட் வாசித்த பையன் ஒருவன் வாசலோரம் நின்றிருந்த கொள் வாசிப்பவரிடம் போய், அவர் எப்படி மூச்சு விடாமல் அவ்வளவு நேரம் ஊதினார் என்று கேட்டான். அவர் கன்னத்தை உப்பிக் காட்டினார். வாயில் தேக்கிய காற்று வெளியே போகும்போதே மூக்கால் உள்ளிழுக்கவேண்டும் என்று சைகையில் சொன்னார். பையன் அங்கேயே முயன்றான். புரையேறி இருமினான். இருவரும் சிரித்தார்கள். கொள்ளின் சீவாளியைக் கழற்றிப் பையன் கையில் கொடுத்தார். அவன் அதைத் தன் கருவியின் ரீடோடு ஒப்பிட்டுப் பார்த்தான்: அவனுடையது ஒற்றை, இது இரட்டை. அன்றைய கூட்டுக் கச்சேரி அது. மூன்று நிமிடம் நடந்திருக்கும். பேருந்து கிளம்புகிறது என்று ஆசிரியை கூப்பிட்டதும் அவன் ஓடினான்.

ஆறுபேரும் கோத்தகிரி பேருந்துக்காக நடந்தார்கள். மூத்தவரோடு கொஞ்சதூரம் நானும் நடந்தேன். அந்த மெட்டை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்களே, அதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"போட்டவங்களுக்குத் தெரியாது சார்" என்றார். சிறிது நடந்த பின், "நீங்க காலேஜ்ல என்ன சொல்லித்தர்றீங்க?" என்று கேட்டார்.

தமிழ் என்றேன்.

"பாட்டெல்லாம் இருக்குமே" என்றார்.

இருக்கும் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் பேச வரவில்லை.

மறுவாரம் விழாக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோத்தர் குழுவை அடுத்த ஆண்டு கலைஞர்களாக அரங்குக்குள் அழைக்கவேண்டும்; எதை வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதை அவர்களே முடிவுசெய்யவேண்டும், வரமுடியாது என்று சொன்னால் அதையும் ஏற்கவேண்டும்; அழைப்பிதழில் அவர்கள் பெயர்கள் இடம்பெற வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். பத்துநாளில் பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். மழைக்காலத்தில் பழங்குடிக் கலைஞர்களுக்கு ஏற்படும் சிரமத்தைக் குழு பரிசீலித்ததாகவும், வரும் ஆண்டு முதல் வாசலில் சாமியானா போட்டுத் தருவதென்று ஒருமனதாகத் தீர்மானித்திருப்பதாகவும் எழுதியிருந்தது.